வராமல் போன 1881
தென்னார்க்காட்டு வேதக்காரர்கள் – 17

போன வாரம் கோணான்குப்பத்தில் நிறுத்தினோம். விருத்தாசலம் பக்கத்துச் சிற்றூரில் வீரமாமுனிவர் பெரியநாயகி அன்னைக்குக் கோயில் எழுப்பிய கதை அது. அந்தக் கோயிலைச் சுற்றி வளர்ந்த கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு மனிதனின் கடைசிக் கணக்கு எளிமையானது. சாவு, நடுத்தீர்வை, மோட்சம், நரகம் என்று நாலே நாலு முடிவுகள். நடுவில் உத்தரிக்கிற ஸ்தலம். தலைமுறை தலைமுறையாகப் பிள்ளைகள் இதை மனப்பாடம் செய்தார்கள். உலகம் எந்த வருஷம் முடியும் என்று சாமியாரிடம் கேட்டால், ஒழுங்காகப் பூசைக்கு வா என்ற பதில்தான் கிடைத்திருக்கும்.

வருஷம் கேட்கிற கிறிஸ்தவம் இந்த வட்டாரத்துக்குப் பெருமளவில் வந்தது பழுப்பு நிலக்கரியோடுதான். நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியாரின் நிலத்தில் கிணறு போட்டபோது கரிய பொருள் வெளிவந்தது 1930களில். நேரு சுரங்க வேலையைத் தொடங்கிவைத்தது 1957 மே 20. நிலக்கரி வெட்டவெளியில் தெரிந்தது 1961இல். அந்த நாலைந்து வருஷத்தில் திருநெல்வேலியிலிருந்தும் நாகர்கோவிலிலிருந்தும் திருவல்லாவிலிருந்தும் பிட்டர், வெல்டர், ஆசிரியை, நர்ஸ், கணக்கர் என்று ஆட்கள் டவுன்ஷிப்புக்கு வந்து இறங்கினார்கள். அவர்களோடு அவரவர் சபையும் வந்தது. கூடவே ‘இரகசிய வருகை’, ‘உபத்திரவ காலம்’, ‘அந்திக்கிறிஸ்து’, ‘ஆயிர வருட அரசாட்சி’ என்ற சொற்களும் வந்தன. கோணான்குப்பத்துக் குடும்பங்கள் கேள்விப்படாத சொற்கள் இவை. இவை எங்கே முளைத்தன என்று பார்க்க நாம் நூறு வருஷம் பின்னால் போக வேண்டும். தெற்கே வத்திராயிருப்புக்கும், மலை தாண்டி மாவேலிக்கரைக்கும் போய்விட்டு நெய்வேலிக்குத் திரும்பலாம்.

போகுமுன் மூலத்தைக் கொஞ்சம் பார்த்துவிடுவோம். வேதாகமத்தின் கடைசிப் புத்தகத்தைப் புரொட்டஸ்டண்டுகள் வெளிப்படுத்தின விசேஷம் என்பார்கள், கத்தோலிக்கர் திருவெளிப்பாடு என்பார்கள். முதல் நூற்றாண்டின் கடைசியில், ரோமப் பேரரசின் கீழ் கிறிஸ்தவர்கள் நெருக்கப்பட்ட காலத்தில், பத்மு தீவிலிருந்த யோவான் என்பவர் எழுதியது. இறுதிக்காலம் பற்றிய சண்டையெல்லாம் அதன் 20ஆம் அதிகாரத்தைச் சுற்றியே நடக்கிறது. வானத்திலிருந்து சங்கிலியோடு ஒரு தூதன் இறங்கி, வலுசர்ப்பமாகிய சாத்தானைக் கட்டிப் பாதாளக் குழியில் ஆயிரம் வருஷம் அடைக்கிறான். இரத்தசாட்சிகள் உயிர்பெற்றுக் கிறிஸ்துவோடு அரசாளுகிறார்கள். ஆயிரம் வருஷம் முடிந்ததும் சாத்தான் கொஞ்ச காலம் விடுதலையாகி, கோகு, மாகோகு என்னும் கூட்டங்களைத் திரட்டி யுத்தத்துக்கு வருகிறான். வானத்து அக்கினி அவர்களைப் பட்சிக்கிறது. சாத்தான் அக்கினிக் கடலில் தள்ளப்படுகிறான். பிறகு வெள்ளைச் சிங்காசனம். செத்தவர்கள் எல்லாரும் அதன் முன் நிற்க, புத்தகங்கள் திறக்கப்படுகின்றன. எல்லாவற்றுக்கும் கடைசியாக மரணமே நெருப்பில் போடப்படுகிறது. தீமை தோற்கிற காட்சி இத்தோடு முடிந்து, அடுத்த அதிகாரம் புதிய வானம், புதிய பூமி என்று தொடங்குகிறது.

அந்த ஆயிரம் வருஷம் எப்போது? ஐந்தாம் நூற்றாண்டில் அகஸ்தீன், அது திருச்சபையின் காலம்தான், ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது என்று சொல்லி விஷயத்தை ஆறப்போட்டார். ரோமாபுரித் திருச்சபை இன்றுவரை ஏறக்குறைய அந்த இடத்தில்தான் நிற்கிறது. 18, 19ஆம் நூற்றாண்டுகளில் இந்தியாவுக்கு வந்த புரொட்டஸ்டண்டு மிஷனரிகளில் பலர் வேறு மாதிரி நம்பினார்கள். பள்ளிக்கூடம், அச்சுக்கூடம், பிரசங்கம் என்று உலகம் கொஞ்சங்கொஞ்சமாகச் சீர்ப்பட்டு, சுவிசேஷம் எங்கும் பரவி, நல்ல காலம் நீண்டு, அதன் முடிவில் கிறிஸ்து வருவார். அவர்கள் கல்லூரி கட்டியதற்கும் அகராதி தொகுத்ததற்கும் இந்த நம்பிக்கையும் ஒரு காரணம். உலகம் நீண்ட நாள் இருக்கப்போகிறது என்று நம்புகிறவன்தானே அஸ்திவாரம் தோண்டுவான்.

இதற்கு நேர் எதிரான கருத்தைத் தமிழ்நாட்டுக்குக் கொண்டுவந்தவர் எக்ஸ்டரில் பல் வைத்தியராக இருந்த ஆந்தணி நாரிஸ் குரோவ்ஸ். தொழிலை விட்டுவிட்டு 1829இல் பாக்தாத் போனார். 1831ஆம் வருஷத்துக் கொள்ளைநோயில் மனைவியை அங்கே பறிகொடுத்தார். 1833இல் இந்தியா வந்தார். பிற்காலத்தில் பிளிமத் சகோதரர்கள் என்று பெயர்பெற்ற கூட்டத்தின் தொடக்ககாலத் தலைவர்களில் ஒருவர் அவர். அந்தக் கூட்டத்தின் இன்னொரு தலைவரான ஜான் நெல்சன் டார்பிதான், விசுவாசிகள் முதலில் இரகசியமாக எடுத்துக்கொள்ளப்படுவார்கள், பிறகு உபத்திரவம், பிறகு கிறிஸ்துவின் பகிரங்க வருகை, பிறகு ஆயிர வருடம் என்று ரயில் அட்டவணை மாதிரி வரிசை போட்டுக் கொடுத்தவர். குரோவ்ஸுக்கு டார்பியோடு பிணக்கு உண்டு. ஆனால் உலகம் சீர்ப்படாது, கெட்டுக்கொண்டேதான் போகும், கர்த்தர் எந்நேரமும் வரலாம் என்பதில் இருவரும் ஒன்று. எந்நேரமும் வரலாம் என்றால் பிஷப் எதற்கு, சம்பளம் எதற்கு, மிஷன் சங்கத்தின் அனுமதி எதற்கு? குருப்பட்டம் இல்லாதவர்களும் சேர்ந்து அப்பம் பிட்கலாம் என்று குரோவ்ஸ் சொன்னபோது இந்தியாவில் இருந்த ஆங்கிலச் சபைக் குருமார்கள் கொதித்தார்கள்.

என் பார்வையில் இந்த அத்தியாயத்தின் மையம் பிஷப் எதற்கு என்ற அந்தக் கேள்விதான். உலக முடிவைப் பற்றிய நம்பிக்கையை நாம் பெரும்பாலும் பயம் என்றோ பைத்தியம் என்றோ ஒதுக்கிவிடுகிறோம். 19ஆம் நூற்றாண்டுத் தெற்கில் அது செய்த வேலை வேறு. வெள்ளைக்காரப் பிஷப்பின் உத்தரவு இல்லாமல் சபை நடத்தும் தைரியத்தை அது கொடுத்தது.

குரோவ்ஸிடம் வந்து சேர்ந்த இளைஞர் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன். 1810இல் திருநெல்வேலிச் சீமையில் உக்கிரன்கோட்டையில் பிறந்தவர். பாளையங்கோட்டையில் ரேனியஸ் ஐயரிடம் படித்தவர். ரேனியஸ் ஐயரே சி.எம்.எஸ். சங்கத்தோடு முட்டிக்கொண்டு 1835இல் வெளியேறி, உபதேசியார்கள் பலரோடு தனியே சபை நடத்தி, 1838இல் காலமானவர். ஆசிரியர் அப்படி, மாணவர் எப்படி இருப்பார்? அருளப்பன் எந்த மிஷனிடமும் சம்பளம் வாங்கவில்லை. 1842இல் வத்திராயிருப்புப் பக்கத்தில் கிறிஸ்தியான்பேட்டை என்று ஓர் ஊரை உண்டாக்கி, விவசாயம் செய்துகொண்டே சுற்றுக் கிராமங்களில் பிரசங்கம் செய்தார். கீர்த்தனைகள் எழுதினார். நாட்குறிப்பு எழுதினார். அந்த நாட்குறிப்பின் பகுதிகளை ஜி. எச். லாங் என்ற ஆங்கிலேயர் 1939இல் புத்தகமாக்கியதால்தான் இன்று நமக்கு இவ்வளவு தெரிகிறது.

1859இல் அமெரிக்காவிலும் அயர்லாந்தின் அல்ஸ்டரிலும் பெரிய எழுப்புதல் என்ற செய்தி கிறிஸ்தியான்பேட்டைக்கு எட்டியது. 1860இல் அங்கேயும் தொடங்கிவிட்டது. நெஞ்சில் அடித்துக்கொண்டு பாவத்தை அறிக்கையிட்டார்கள். தரையில் விழுந்தார்கள். சிலர் தீர்க்கதரிசனம் சொன்னார்கள். சிலர் அந்நியபாஷை பேசினார்கள், வேறு சிலர் அதற்கு அர்த்தம் சொன்னார்கள். பெண்கள் சபை நடுவில் எழுந்து பேசினார்கள். பெந்தெகோஸ்தே இயக்கத்தின் தொட்டில் என்று எல்லாரும் காட்டுகிற லாஸ் ஏஞ்சலஸ் அசூசா தெருக் கூட்டங்கள் நடந்தது 1906இல். அதற்கு 46 வருஷம் முன்னால் வத்திராயிருப்புப் பக்கம் இது நடந்துவிட்டது. உலக வரலாற்றுப் புத்தகங்கள் இதற்கு ஒரு வரி ஒதுக்கினாலே பெரிது. வட திருநெல்வேலியில் இருந்த சி.எம்.எஸ். மிஷனரி ஆஷ்டன் டிப் இதைப் பற்றி லண்டனுக்கு எழுதினார். வெள்ளைக்கார உதவி இல்லாமல் தாமாகவே எழுந்த இயக்கம் என்பதே அந்தக் காலத்து மிஷனரிகளை வியக்கவும் சங்கடப்படவும் வைத்தது.

இங்கே ஒன்றைச் சொல்லாமல் போவது நேர்மையாகாது. தீமையின் தோல்வி என்று மேடையில் முழங்கும்போது, யாரைத் தீமை என்கிறோம்? கால்டுவெல் ஐயர் 1849இல் திருநெல்வேலிச் சாணார்களைப் பற்றி எழுதிய சிறு புத்தகம், சுடலைமாடனையும் இசக்கியையும் பேய் வழிபாடு என்ற ஒரே தலைப்பில் போட்டு மூடியது. பக்கத்து வீட்டுக்காரன் பொங்கலிடும் தெய்வம் வேதக்காரனுக்குச் சாத்தானின் சேனையாகிவிட்டது. அந்தப் புத்தகம் அந்தச் சாதிக் கிறிஸ்தவர்களையே அவமானப்படுத்தியது. சட்டம்பிள்ளை என்ற அருமைநாயகம் 1857இல் பிரகாசபுரத்தில் தனிச் சபை கண்டதற்குப் பின்னால் அந்தக் கோபமும் உண்டு. சனிக்கிழமையை ஓய்வுநாளாக ஆசரித்த அந்தச் சபை இந்தக் கதையில் பிறகு ஒருமுறை தலைகாட்டும்.

அருளப்பன் 1867இல் மறைந்தார். எழுப்புதல் மறையவில்லை. அவர் வழியில் நடந்த தமிழ் உபதேசியார்கள் மலை தாண்டித் திருவிதாங்கூருக்குப் போய்ப் பிரசங்கித்தார்கள். 1873இல் மத்தியத் திருவிதாங்கூர்ச் சிரியன் கிறிஸ்தவர்களிடம் தீ பற்றியது. அங்கே அதன் முகமாக வந்தவர் யுஸ்துஸ் யோசேப்பு, ஊர் வழக்கில் வித்வான்குட்டி.

இவர் கதையை விரிவாகச் சொல்லியே ஆக வேண்டும். பாலக்காட்டிலிருந்து வந்த தமிழ்ப் பிராமணக் குடும்பம். பிறந்தது 1835, இயற்பெயர் ராமய்யன். சம்ஸ்கிருதமும் சங்கீதமும் கற்றவர். ஜான் பனியனின் மோட்சப் பிரயாணக் கதை மலையாளத்தில் கைக்குக் கிடைத்தது. வேதாகமமும் கிடைத்தது. 1861இல் மாவேலிக்கரையில் ஜோசப் பீட் என்ற சி.எம்.எஸ். மிஷனரியிடம் குடும்பத்தோடு ஞானஸ்நானம் பெற்றார். அதே பனியன் புத்தகத்தைப் படித்துவிட்டுத் திருநெல்வேலிச் சீமையில் ஒரு வைணவ வேளாளர் பின்னாளில் இரட்சணிய யாத்திரிகம் எழுதினார் என்பதையும் வாசகர்கள் நினைவில் வைத்துக்கொள்ளலாம். 1858இல் ஞானஸ்நானம் பெற்ற எச். ஏ. கிருஷ்ணபிள்ளை அவர். பனியன் தெற்கே இரண்டு கவிஞர்களைப் பிடித்திருக்கிறார்!

வித்வான்குட்டி சி.எம்.எஸ். சபையில் குருவானார். கருநாகப்பள்ளிப் பக்கம் கன்னேற்றிச் சபையைக் கவனித்தார். எழுப்புதல் வந்தபோது அவர் அதில் முழுதாக இறங்கினார். கூட்டங்களில் தரிசனம் கண்டவர்கள், தீர்க்கதரிசனம் சொன்னவர்கள் எல்லாரும் ஒரே திசையைக் காட்டினார்கள். 1875இல் அறிவிப்பு வந்துவிட்டது: இன்னும் ஆறு வருஷம், 1881இல் கிறிஸ்து வருகிறார். சபை அதிகாரிகள் தடுத்தார்கள், கேட்கவில்லை. விலக்கினார்கள், வெளியேறித் தனிச் சபை வைத்தார்கள். பழைய சிரியன் குடும்பங்கள் பல, ஒரு பிராமணக் கிறிஸ்தவரின் பின்னால் போயின. ஊர் அவர்களை ‘அஞ்சர வேதக்காரர்’, அதாவது ஐந்தரை வேதக்காரர், என்று கேலி செய்தது.

அந்த ஆறு வருஷத்துக்கு நடுவில்தான் 1876–78 தாது வருஷப் பஞ்சம் சென்னை மாகாணத்தை வாரிக்கொண்டு போனது. லட்சக்கணக்கில் செத்தார்கள். கடைசி நாட்களில் பஞ்சங்கள் உண்டாகும் என்று சுவிசேஷத்திலேயே இருக்கிறது. காத்திருந்தவர்களுக்கு வேறு அத்தாட்சி எதற்கு?

இப்போது நம் வட்டாரத்துக்கு ஒரு நிமிடம் திரும்புவோம். வித்வான்குட்டி கணக்குப் போடுவதற்குச் சில வருஷம் முன்னால், இன்றைய நெய்வேலிச் சுரங்கத்திலிருந்து கூப்பிடு தூரம் என்று சொல்லத்தக்க வடலூரில், ராமலிங்க அடிகள் என்ன சொல்லிக்கொண்டிருந்தார்? ஆண்டவர் வரப்போகிறார், இறந்தவர்கள் எழுப்பப்படுவார்கள், ஆகவே பிணத்தைச் சுடாதீர்கள், புதையுங்கள் என்றார். சமாதி வற்புறுத்தல் என்ற அந்த அறிவிப்பின் தேதி 1871 மார்ச் 30. அடுத்த வருஷம் தைப்பூசத்தில் சத்திய ஞான சபை திறந்தது. 1874 ஜனவரி 30 அன்று மேட்டுக்குப்பத்தில் அறைக்குள் போனவர் வெளியே வரவில்லை. 1906இல் டபிள்யூ. பிரான்சிஸ் தொகுத்த தென்னார்க்காடு கெஜட்டியர், வெளியூர்களில் செத்தவர்களைக்கூட வடலூருக்குக் கொண்டுவந்து அடக்கம் செய்தார்கள், பிராமணர்கள்கூடப் புதைக்கப்பட்டார்கள் என்று பதிவு செய்கிறது. இன்னும் தெற்கே சாமிதோப்பில் வைகுண்டசாமியின் சீடர் ஹரிகோபாலன் 1841இல் எழுதிய அகிலத்திரட்டு, கலியன் அழிந்து தர்மயுகம் பிறக்கும் என்று ஏற்கெனவே சொல்லியிருந்தது.

வடலூர் கன்னேற்றியிடம் கற்றது என்றோ, சாமிதோப்பு மிஷனரியிடம் கற்றது என்றோ சொல்லிவிட எனக்கு விருப்பமில்லை. வள்ளலார் அழித்துத் தீர்க்க வேண்டிய எதிரியாகக் கண்டது பசியையும் மரணத்தையும், சாத்தானை அல்ல. வைகுண்டரின் கலியன் கையில் திருவிதாங்கூர் அரசின் வரிச்சீட்டும் இருந்தது. மூலம் வேறு, எதிரி வேறு. ஆனால் மூன்று இடத்திலும் பழைய அதிகாரத்துக்கு வெளியே நின்ற ஒருவர், பெரிய மாற்றம் கிட்டத்தில் வந்துவிட்டது என்று சொன்னார். மூன்று இடத்திலும் சாதி கடந்த ஒரு கூட்டம் அவரைச் சுற்றி நின்றது. 1840க்கும் 1880க்கும் நடுவில் தெற்கு மூன்று மொழிநடையில் ஒரே ஏக்கத்தைப் பேசியிருக்கிறது.

1881 வந்தது. போனது. கிறிஸ்து வரவில்லை.

நிறையப் பேர் தலை கவிழ்ந்து பழைய சபைகளுக்குத் திரும்பினார்கள். மிச்சமிருந்தவர்களுக்கு விளக்கம் கிடைத்தது: வருகை நடந்துவிட்டது, கண்ணுக்குத் தெரியாத விதத்தில் புதிய யுகம் தொடங்கிவிட்டது. அந்தப் புதுச் சபைக்கு யுயோமயம் என்று பெயர். 1887இல் வித்வான்குட்டி இறந்தார். யுயோமயம் சின்னஞ்சிறு கூட்டமாகச் சுருங்கியது. ஏமாந்த பின் இப்படி விளக்கம் காண்பது திருவிதாங்கூருக்கு மட்டும் உரிய புத்தி அல்ல. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற விவசாயியின் கணக்கை நம்பியவர்கள் 1844 அக்டோபர் 22 இரவெல்லாம் காத்திருந்து விடியலில் அழுதார்கள். அவர்களில் ஒரு சாரார், அந்தத் தேதி சரிதான், பரலோகத்தில் ஆசாரிய ஊழியத்தின் ஒரு கட்டம் அன்றைக்குத் தொடங்கியது என்று விளக்கிக்கொண்டார்கள். ஏழாம் நாள் அட்வென்டிஸ்டுச் சபை அந்தச் சாம்பலிலிருந்து எழுந்தது. 20ஆம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் ஜே. எஸ். ஜேம்ஸ் என்ற அவர்களுடைய மிஷனரி தமிழ்நாட்டில் கால் வைத்தது எங்கே தெரியுமா? சட்டம்பிள்ளை சபையார் ஏற்கெனவே சனிக்கிழமை ஆசரித்துக்கொண்டிருந்த அதே பிரகாசபுரத்தில். 1914ஐக் குறித்துவைத்த சார்ல்ஸ் ரஸல் 1912இல் திருவிதாங்கூர் வரை வந்துபோனார். அவர் வழிவந்த யெகோவா சாட்சிகள், வரப்போகும் ராஜ்யம் ஒன்றுக்கே விசுவாசம் என்று சொல்லித் தேசிய கீதம் பாட மறுத்ததும், கேரளப் பள்ளியொன்று மூன்று குழந்தைகளை வெளியேற்றியதும், உச்ச நீதிமன்றம் 1986இல் அந்தக் குழந்தைகளின் பக்கம் தீர்ப்பளித்ததும் தனிக்கதை. நம் அரசியல் சட்டத்தில் மனச்சாட்சிச் சுதந்திரத்தைப் பற்றிப் படிக்கிற ஒவ்வொரு மாணவனும் அந்தத் தீர்ப்பைப் படிக்கிறான்.

வித்வான்குட்டியின் கணக்கு பொய்த்தது, பாட்டு பொய்க்கவில்லை. கர்நாடக ராகங்களில் அவர் அமைத்த கீர்த்தனைகளை மார்த்தோமா சபை முதல் பெந்தெகோஸ்தே சபை வரை கேரளக் கிறிஸ்தவர்கள் இன்றும் பாடுகிறார்கள். மணவாளனை நோக்கி, ஏன் இன்னும் வரவில்லை என்று மணவாட்டி கேட்கும் பாட்டு அதில் ஒன்று. நாயகன் நாயகி பாவத்தில் ஊறிய மண்ணுக்கு அந்தக் கேள்வி புதிதல்ல. டார்பியின் அட்டவணையைவிட அந்த ஒரு பாட்டுக்கு ஆயுள் அதிகம் என்பது என் கணிப்பு.

அருளப்பன் விதைத்ததும் வித்வான்குட்டி வளர்த்ததும் இலங்கை வழியாகவும் திரும்பி வந்தது. கேரளத்திலிருந்து பிழைப்புக்குக் கொழும்பு போன ராமன்குட்டி என்ற சிறுவன் கிறிஸ்தவனாகிப் பாஸ்டர் பால் ஆனார். ஆல்வின் டி ஆல்விஸ் என்பவரோடு சேர்ந்து 1920களில் சிலோன் பெந்தெகோஸ்தே மிஷனைத் தொடங்கினார். ஊழியர்கள் வெள்ளுடை உடுப்பார்கள், மணம் செய்துகொள்ள மாட்டார்கள், சொத்து வைத்துக்கொள்ள மாட்டார்கள், சம்பளம் வாங்க மாட்டார்கள், மருந்து எடுக்க மாட்டார்கள், விசுவாச வீடு என்ற இல்லங்களில் சேர்ந்து வாழ்வார்கள். வருகைக்கு ஆயத்தமாவதுதான் வாழ்க்கை. இன்று தி பெந்தெகோஸ்தே மிஷன் என்று அறியப்படும் அந்தச் சபையின் தலைமையிடம் சென்னை இரும்புலியூர். வெளிநாட்டு மிஷன் எதுவும் கட்டிக்கொடுத்ததல்ல. நான் மேலே சொன்ன தைரியத்தின் முற்றிய வடிவம் இதுதான். மருந்து மறுப்பை என்னால் ஏற்க முடியாது. அதனால் போன உயிர்களுக்கு எந்த வருகையும் ஈடு சொல்லாது. ஆனால் ஒரு மலையாளத் தொழிலாளியும் ஓர் இலங்கையரும் பிஷப் மாளிகை எதையும் கேட்காமல் பல நாடுகளில் கிளை பரப்பிய சபை ஒன்றை நிறுவினார்கள் என்பதை யாரும் மறுக்க முடியாது.

இனி நெய்வேலி. சுரங்கத்தின் ராட்சத வெட்டு இயந்திரங்கள் மேற்கு ஜெர்மனியிலிருந்து வந்தன. அனல் மின் நிலையம் சோவியத் உதவியில் எழுந்து 1962இல் மின்சாரம் தந்தது. பெர்லினில் சுவர் எழுப்பி முறைத்துக்கொண்டிருந்த இரண்டு முகாம்களும் தென்னார்க்காட்டு முந்திரிக் காட்டில் ஒரே நிலக்கரிக்கு வேலை செய்த அதிசயம் அது. அதே காலத்தில் உலகமெங்கும் கன்வென்ஷன் மேடைகளில் ஒரு பாடம் ஓடிக்கொண்டிருந்தது. எசேக்கியேல் 38இல் வடக்கிலிருந்து படையெடுத்து வரும் கோகு யார்? ரஷ்யா! இந்த விளக்கத்தை லட்சக்கணக்கான வீடுகளுக்குக் கொண்டுபோனது 1909இல் வெளியான ஸ்கோஃபீல்டு வேதாகமம். டார்பியின் அட்டவணையை வசனத்துக்குக் கீழேயே அடிக்குறிப்பாக அச்சிட்ட புத்தகம் அது. மேசேக் என்றால் மாஸ்கோ, தூபால் என்றால் தொபோல்ஸ்க் என்று பெயர்ப் பொருத்தம் பார்க்கும். 1970இல் ஹால் லிண்ட்சே எழுதிய புத்தகம் அதையே நாவல் வேகத்தில் சொல்லி விற்றுத் தீர்த்தது. ஆக, பெந்தெகோஸ்தே வீட்டிலிருந்து ஷிப்டுக்குப் போகும் ஒரு பிட்டர், ஞாயிற்றுக்கிழமை கோகுவாகக் கேட்ட தேசத்தின் டர்பைனுக்குத் திங்கட்கிழமை எண்ணெய் விட வேண்டியிருந்தது. பிரசங்கத்தில் வரும் எதிரிக்கும் பட்டறையில் வரும் சகாவுக்கும் உள்ள இந்தத் தூரத்தைப் பற்றி இறையியல் புத்தகங்கள் எதுவும் பேசுவதில்லை.

அந்த ஸ்கோஃபீல்டு வேதாகமத்தில் இன்னொரு வேடிக்கை. ஓரத்தில் சிருஷ்டிக்குக் கி.மு. 4004 என்று தேதி. ஆனால் அடிக்குறிப்பில், ஆதியாகமத்தின் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவில் எத்தனை யுகம் வேண்டுமானாலும் கழிந்திருக்கலாம், பூமிக்குள் கிடக்கும் புதைபடிவமெல்லாம் அந்தக் காலத்தவை என்று ஓர் இடைவெளி. நெய்வேலிக் கரி கோடிக்கணக்கான வருஷப் பழைய மரம். சுரங்கத் தொழிலாளியின் விசுவாசத்துக்கு அந்த அடிக்குறிப்பு போதுமான இடம் விட்டிருக்கிறது.

1991இல் சோவியத் ஒன்றியம் மறைந்தது. அணை உடைந்ததுபோல் விளக்கங்கள் மாறின. பார்கோடு, ஐரோப்பியப் பொதுச்சந்தை, 2000ஆம் ஆண்டுக் கணினிக் கோளாறு, அடையாள அட்டை என்று அந்திக்கிறிஸ்துவின் 666 முத்திரைக்குப் புதுப்புது வேட்பாளர்கள் வந்தார்கள். இவற்றை வரிசையாகப் பட்டியலிட இந்தத் தொடரில் இடமில்லை, எனக்குப் பொறுமையும் இல்லை. கிறிஸ்துவே அந்த நாளும் நாழிகையும் யாருக்கும் தெரியாது என்று சொன்னதாக மாற்கு 13 சொல்கிறது. தேதி குறிக்கிறவர்கள் அதை ஒவ்வொரு முறையும் தாண்டித்தான் போகிறார்கள்.

அருளப்பனும் வித்வான்குட்டியும் பாஸ்டர் பாலும் விட்டுச்சென்றதில் தேதிகளுக்கு மதிப்பில்லை. சம்பளமில்லாத ஊழியம், எழுந்து பேசிய பெண்கள், சொந்த ராகத்தில் பாட்டு, அந்நியர் தயவில்லாத சபை ஆகியவற்றுக்கே மதிப்பு. இந்திய மயமான திருச்சபை என்று 20ஆம் நூற்றாண்டில் இறையியல் கல்லூரிகள் மாநாடு போட்டுப் பேசியதை, முடிவு நெருங்கிவிட்டது என்று நம்பிய கிராமத்தார் அதற்கு முன்பே செய்து காட்டிவிட்டார்கள்.

அடுத்த வாரம் டவுன்ஷிப் சபைகளின் முதல் இருபது வருஷத்துக்குள் போகிறோம். அதற்கு வாசகர்கள் கை கொடுக்க வேண்டும். டவுன்ஷிப்பிலோ மந்தாரக்குப்பத்திலோ 1960களில், 70களில் நடந்த கன்வென்ஷன் நோட்டீஸ், பாட்டுப் புத்தகம், சபை மினிட் நோட்டு, ஞானஸ்நான ரெஜிஸ்தர் எது உங்கள் வீட்டுப் பரணில் கிடந்தாலும், பழைய பேப்பர்க்காரரிடம் போடுமுன் ஒரு நகல் எடுத்து ஆசிரியர் குழுவுக்கு அனுப்புங்கள்.